நீல வெளிச்சத்துக்கு முன்னால ஒரு மணி நேரம்

ஒரு மணி நேரம் அடக்கி வெக்கோணும், ஒரு சொட்டு வெளிய போகப்படாதுங்கன்னு சொல்லிப்போட்டு மூத்திரப்பைக்குள்ள மருந்தை ஏத்துன நர்சு குழாயை உருவி எடுத்துட்டுப் போயிருச்சு. செவுத்துக் கடியாரத்துல ஒம்பது நாப்பது. எங்கூட்டுக்காரரு பச்சைக் கவுனை மாட்டிக்கிட்டு மல்லாக்கப் படுத்து, சுத்தற ஃபேனையே பாத்துட்டிருக்காரு. நான் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல. மடியில துணிப்பை, பைக்குள்ள ஃபைலு, அவரு செல்லு, அவரு கண்ணாடி, கழட்டிக் குடுத்த அரைஞாண் கயிறு. ஒரு மணி நேரம். கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல, முழிச்சிருக்கையில இந்த மனுசன் ஒரு மணி நேரம் சேந்தாப்புல என்ற முன்னால கெடந்ததில்லை. சோத்துல பாதியில செல்லு அடிக்கும், "என்னது, ஷேடு தப்பிருச்சா"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. இன்னைக்கு எந்திரிக்க முடியாது. எந்திரிச்சா மருந்து ஒழுகிப் போயிரும். இதுக்குள்ள கேட்டுப்போடோணும். கோகிலவாணியை எதுக்குங்க ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? அவ்வளவுதான் கேள்வி. பஸ்சுல திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் வர்ற வரைக்கும் மனசுக்குள்ள நாப்பது தடவை கேட்டுப் பாத்தாச்சு. கோவமாக் கேட்டுப் பாத்தேன், சிரிச்சுக்கிட்டே கேட்டுப் பாத்தேன், சும்மா பேச்சுவாக்குல கேக்கற மாதிரியும் கேட்டுப் பாத்தேன். வாய் வரைக்கும் வருது, அப்புறம் "தண்ணி வேணுமாங்க"ன்னு வேற என்னமோ வெளிய வருது. தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அதுவும் தெரியும் எனக்கு.

போன வாரம் ஃபைலை அடுக்கறப்பத்தான் அந்தச் சீட்டைப் பாத்தேன். திருப்பூர்ல மொதல் மொதல்ல எடுத்த வயித்து ஸ்கேன் சீட்டு. நோயாளி பேரு நாச்சிமுத்து, வயசு அம்பத்தெட்டு. உடன் வந்தவர் கோகிலவாணி. பக்கத்துல அவ செல் நம்பரு, அவ கையெழுத்து. குண்டு குண்டா, பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட. தேதியைப் பாத்தேன். அன்னிக்கு எங்கிட்ட ஈரோட்டுக்கு மீட்டிங்குன்னு சொல்லிட்டுப் போனவரு. நான் தக்காளிச் சோறு கட்டிக் குடுத்தேன். அந்தச் சோத்தை ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து தின்னிருப்பாங்களோ? இப்புடி யோசிக்கறதுக்கு எனக்கே வெக்கமாத்தான் இருக்குது. புருசனுக்கு மூத்திரப்பையில கட்டி, டாக்டர் கேன்சரா இருக்கலாம்னுட்டாரு, நான் இங்க உக்காந்துக்கிட்டு தக்காளிச் சோத்துக்குக் கணக்குப் பாக்கறேன். பயமில்லையான்னா இருக்குது. ஆனா பயத்து மேல ஏறிக் குத்தவெச்சு உக்காந்திருக்கிறது பொறாமைதான். அதை எறக்கி விட்டாத்தானே பயப்படறதுக்கே எனக்கு எடம் கெடைக்கும்.

அந்தக் கோகிலவாணி கண்ணுக்கு லச்சணமா இருந்தாலாவது, சரி, ஆம்பள புத்தின்னு திட்டிப்போட்டு விட்டுரலாம். அதுவும் இல்லை. நாப்பத்திமூணு வயசு, கருவாட்டு ஒடம்பு, சிரிச்சு நான் பாத்ததில்லை. இவரு சாய மாஸ்டரா இருக்கற கம்பெனி லேப்புல சாம்பிள் துணிக்குச் சாயம் போட்டுப் பாக்கற வேலை. கட்டுனவன் விட்டுட்டுப் போயிட்டான், அம்மாவை வெச்சுக் காப்பாத்திக்கிட்டு ஸ்கூட்டியில வர்றா போறா. ஒரு ஆயுத பூசைக்கு எங்களையெல்லாம் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனாரு. பொரியும் சுண்டலும் குடுத்தாங்க. இவரைக் காணோமேன்னு தேடிக்கிட்டு லேப்புக்குள்ள போனா, ஒரு மூலையில கருப்புத் திரை போட்ட ரூமு. திரையை விலக்குனேன். உள்ள ஒரு பெரிய பொட்டி, அதுக்குள்ள விதவிதமா லைட்டு. அந்தப் பொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ரெண்டு பேரும் நிக்கறாங்க, இவரும் அவளும். நெத்தியும் நெத்தியும் ஒரு சாண் இருக்காது. ரெண்டு துண்டுத் துணியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவ சுவிச்சை மாத்தறா, மொகம் ரெண்டும் வெள்ளையாகுது, மஞ்சளாகுது, ஊதாவாகுது. "மஞ்ச லைட்டுல கலரு மாறி ஓடுது பாருங்க மாஸ்டர்"ங்கறா. "ஆமா புள்ள, ஒரு பாயிண்டு செவப்பு எச்சு"ங்கறாரு இவரு. வெறும் வேலைப் பேச்சுத்தான். ஆனா அந்தக் கொரல் இருக்குதே, அந்த மெதுவான கொரலு, அது ஊட்டுக்கு வந்ததே இல்லை. ஊட்டுக்கு வர்றது "சோறு ஆச்சா"ங்கற கொரலு. நான் திரையை விட்டுட்டுத் திரும்பி வந்து சுண்டல் தின்னேன். அப்புறமா அவரே என்னையும் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாருங்க, பொய் சொல்லக் கூடாது. பகல் வெளிச்சத்துல ஒண்ணா இருக்கற துணி கடை வெளிச்சத்துல வேற வேறயாத் தெரியும், அதுக்குத்தான் இத்தனை லைட்டுன்னாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. "ஒண்ணாத்தான இருக்குதுங்க"ன்னேன். அவரு சிரிச்சுப்போட்டு லைட்டை அமத்திட்டாரு. கோகிலவாணி சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது.

இப்ப இந்த டாக்டரும் அதையேதான் சொன்னாரு. சின்னப் பையனாட்ட இருக்காரு, ஆனா நிதானமாப் பேசறாரு. சாதாரண வெளிச்சத்துல கேமராவை உட்டுப் பாத்தா முண்டு முண்டா வளர்ந்தது தெரிஞ்சுரும், தோலோட தோலா ஒட்டிக்கிட்டுப் படர்ந்திருக்கறது தெரியாமப் போயிரும். அதனால மொதல்ல ஒரு மருந்தை உள்ள விட்டு ஒரு மணி நேரம் ஊற வெச்சு, அப்புறம் நீல வெளிச்சத்துல பாத்தா கெட்டுப்போன எடமெல்லாம் ரோஸ் கலரா மின்னும்னாரு. இவருக்கு மொகமெல்லாம் வெளிச்சம் வந்துருச்சு. "எங்க லேப்புப் பொட்டி மாதிரியேதானுங்க டாக்டர்! சாயம் ஏத்தி, ஊறப் போட்டு, லைட்டை மாத்திப் பாக்கறது!" டாக்டருக்கும் சந்தோசம், ரெண்டு பேரும் லைட்டைப் பத்தியே பத்து நிமிசம் பேசிக்கிட்டாங்க. வியாதியைப் பத்திப் பேச வந்த எடம் அது. நான் பக்கத்துல குத்துக்கல்லாட்ட உக்காந்திருந்தேன். எனக்கு அப்ப ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. இதை இவரு இன்னிக்குப் பொழுதுக்குள்ள அவகிட்டச் சொல்லிருவாரு.

அதே டாக்டர் ரூமுலதான் ஒரு பாட்டிலு கதையும் கேட்டேன். என்ன கொடுமைன்னா, எம் புருசனுக்கு ரத்தம் போன கதையை நான் டாக்டருக்குப் பக்கத்துல உக்காந்து, டாக்டரோட சேந்து புதுசாக் கேட்டேன். மொதல்ல எப்பக் கவனிச்சீங்கன்னு டாக்டர் கேட்டாரு. ரெண்டு மாசம் முன்னாலங்க, கம்பெனி கக்கூசுலன்னாரு இவரு. கையில இருந்த சாயந்தான் தண்ணியில எறங்குதுன்னு நெனச்சிருக்காரு. முப்பத்தஞ்சு வருசமா சாயப்பட்டறையில இருக்கற மனுசனுக்கு எந்தத் தண்ணியைப் பாத்தாலும் சாயத் தண்ணிதான். மறுபடியும் வந்திருக்குது, சந்தேகமாயிருச்சு. யாருகிட்டக் கேக்கறது? ஒரு சாம்பிள் பாட்டில்ல புடிச்சு, பேரெழுதாம, தெனமும் லேப்புக்குப் போற கழிவுத் தண்ணி பாட்டிலுகளோட பாட்டிலா வெச்சிருக்காரு! எந்த ஊரு ஆம்பளையாவது இப்புடிப் பண்ணுவானா? டாக்டரே சிரிச்சுட்டாரு. அவ வரிசையாப் பாத்துக்கிட்டு வந்து இந்த பாட்டிலை எடுத்திருக்கா. வெளுப்புப் போடற பெராக்சைடு ஒரு சொட்டு விட்டிருக்கா, புசுபுசுன்னு நுரைச்சிருக்குது. சாயமா இருந்தா நுரைக்காதுங்களாமே. வெளிய வந்து, "மாஸ்டர், இது நம்ம செவப்பு இல்லீங்க, ரத்தம். இது யாருதுங்க?"ன்னு கேட்டிருக்கா. இவரு பேசாம நின்னாராம். அவளும் அதுக்கு மேல கேக்கலையாம். "நாளைக்கே ஸ்கேன் எடுத்துப் பாருங்க"ன்னாளாம். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரிங்க"ன்னாரு டாக்டர். "ஆமாங்க"ன்னாரு இவரு. நானும் தலையை ஆட்டுனேன். ஆமாங்க, கெட்டிக்காரிங்க, நெம்பக் கெட்டிக்காரிங்க, நான்தான் கூறுகெட்டவ.

கூறுகெட்டவன்னு சும்மா சொல்லல. இவரு கவுனை மாட்டிக்கிட்டுக் கெடக்கற இந்த நேரத்துல, இதையாவது நான் மனசுக்குள்ள ஒத்துக்கோணும். அந்த ரத்தத்தை மொதல்ல பாத்தது அவ இல்லை, நான். சித்திரை மாசமே பாத்தேன். அவரு ஜட்டியில, லுங்கியில, சின்னச் சின்னப் பொட்டா. அவரு துணியில செவப்பு இல்லாத நாளு ஏது? சட்டையில நீலம், பேன்ட்டுல பச்சை, பனியன்ல செவப்பு, கல்யாணமாகி வந்ததுல இருந்து தொவைக்கறேன். சாயக்கறை சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது, செத்தாலும் போகாது. இந்தச் செவப்பு மட்டும் பச்சைத் தண்ணியில அலசுன ஒடனே போயிருச்சு. எனக்கு அன்னிக்கு என்ன சந்தோசம்! கை வலிக்காம போச்சுதேன்னு. நாலு மாசம், வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவைன்னு, எம் புருசன் ரத்தத்தை நானே அலசி அலசிச் சாக்கடையில விட்டிருக்கேன். அடுத்த ஊட்டு ருக்காத்தாகிட்ட, இப்பல்லாம் கம்பெனியில தரமில்லாத சாயமா எறக்கறாங்க போலன்னு பேச்சு வேற. இதை நான் யாருகிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்டச் சொல்லல, இவருகிட்டச் சொல்லல, பெங்களூர்ல இருக்கற மககிட்ட இன்னும் வியாதியையே சொல்லல. கோகிலவாணி ஒரு சொட்டுல கண்டுபுடிச்சா. நான் வாளி வாளியா ஊத்துனேன், கண்டுபுடிக்கல. அவ மேல எனக்கு ஏன் இப்புடிப் பத்திக்கிட்டு எரியுதுன்னா, அவ எம் புருசனை எடுத்துக்கிட்டான்னு இல்லீங்க. கண்டுபுடிச்சிருக்க வேண்டிய எடம் என்ற எடம். அதுல அவ நின்னுட்டா.

மணி பத்தே கால். இவரு தொடையை நெருக்கிக்கிட்டு லேசா அசையறாரு. "என்னங்க"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னாரு. ஒண்ணுமில்லையாம். எப்பவும் ஒண்ணுமில்ல. போன வாரம் சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வந்தப்பவும் ஒண்ணுமில்லதான். நரம்புல மருந்து ஏத்துனதும் ஒடம்பெல்லாம் சூடாப் பரவி, படுத்த எடத்துலயே மூத்திரம் போயிட்ட மாதிரி இருந்துச்சாம். அதை அவரு எங்கிட்டச் சொல்லல, ஆட்டோக்காரன்கிட்டச் சொன்னாரு, நான் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டேன். அந்தப் படத்துலதான் ஒரு கட்டி தெரியுதுன்னாங்க, நெலக்கடலைப் பருப்பு அளவு. வேற எங்கயாவது இருக்குதான்னு கேமராவுல பாத்தாத்தான் தெரியும். மேலாப்புல இருந்தா சொரண்டி எடுத்துரலாம், சதைக்குள்ள எறங்கியிருந்தா மூத்திரப்பையையே எடுக்க வேண்டி வரும். பையை எடுத்துட்டா வயித்துல ஓட்டை போட்டு வெளிய ஒரு பை மாட்டி விடுவாங்களாம். சாயத் தொழில்ல இருக்கறவங்களுக்கும் பீடி சிகரெட்டு புடிக்கறவங்களுக்கும் இது எச்சா வருதுன்னாரு டாக்டர். இவரு பீடியைத் தொட்டதில்லை. சாயத்தைத்தான் தொட்டாரு, முப்பத்தஞ்சு வருசம், வெறுங்கையில. அந்தப் பையைத் தெனமும் கழட்டோணும், கழுவோணும், ஒட்டோணும். ஒட்டுவேன், அதுல என்ன. புள்ளைக்குப் பீத்துணி அலசுன கைதானே. ஆனா இந்த மனுசன் அதை எங்கிட்டக் காட்டுவாரா, இல்லை அதுக்கும் லேப்புக்குத்தான் போவாரா? ச்சீ, என்ன நெனப்பு இது. சாமி, இந்த நெனப்பை எங்கிட்ட இருந்து எடுத்துரு, கேன்சரை எடுக்காட்டியும் பரவால்லைன்னு ஒரு நிமிசம் வேண்டிக்கப் போயிட்டேன். இல்ல சாமி, இல்ல. மாத்திக் கேட்டுக்கறேன். நெனப்பு இருந்துட்டுப் போகட்டும், அவரை உட்டுரு.

"முடியல புள்ள." கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பத்து இருபத்தஞ்சு. நெத்தியில வேர்த்துக் கெடக்குது. முடியலன்னு இந்த வாய்ல இருந்து நான் கேட்டதே இல்லை. "இன்னும் பதினஞ்சு நிமிசந்தானுங்க." "முடியல, வந்துரும்." "வராது. பல்லைக் கடிக்காதீங்க, பல்லைக் கடிச்சா எச்சா முட்டும். கால் கட்டை வெரலை மடக்குங்க. மூச்சை வாய் வழியா விடுங்க. வயித்தைப் பத்தியே நெனக்காதீங்க." அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "உனக்கெப்புடி இதெல்லாம் தெரியும்?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எப்புடித் தெரியுமா? திருப்பூர்ல இருந்து திருச்செந்தூருக்கு உங்களோட எத்தனை தடவை பஸ்சுல வந்திருப்பேன்? நீங்க டீக்குடிக்க நிறுத்துன எடத்துலயெல்லாம் ரோட்டோரம் ஒதுங்கிட்டு வந்துருவீங்க. நான் எங்க ஒதுங்கறது? பொம்பளைங்க பூரா இந்த வித்தை தெரிஞ்சவங்கதான். நாங்க காலம் முச்சூடும் அடக்கறோம், உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு வேர்க்குது." அவரும் சிரிச்சாரு, சிரிச்சா முட்டுதுன்னு ஒடனே நிறுத்திக்கிட்டாரு. கட்டை வெரலு ரெண்டும் கவுனுக்கு வெளிய மடங்கி நிக்குது, நான் சொன்ன மாதிரியே. நகத்துக்கடியில நீலம். அந்த வெரலைப் பாத்ததும் எனக்கு எங்கிருந்தோ தெகிரியம் வந்துருச்சு.

"கோகிலவாணியை எதுக்குங்க ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

கேட்டுட்டேன். கோவமாவும் இல்லை, சிரிச்சுக்கிட்டும் இல்லை, கடைசியில மளிகைக் கடைக்காரன்கிட்டப் பருப்பு இருக்குதான்னு கேக்கற மாதிரி வந்துச்சு. அவரு ஃபேனைப் பாத்தாரு. வெளிய ஸ்ட்ரெச்சர் ஒண்ணு சத்தம் போட்டுக்கிட்டுப் போச்சு. அவரு மறைக்கல, எப்புடித் தெரியும்னும் கேக்கல. "அங்க ஒண்ணரை லிட்டர் தண்ணி குடிக்க வெச்சு, மூத்திரம் நெறையட்டும்னு உக்கார வெச்சுட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. தனியா உக்கார பயமா இருந்துச்சு துளசி." "என்னைக் கூப்புட்டிருக்கலாமில்லீங்க? நான் என்ன வெளியூர்லயா இருந்தேன்?" "உங்கிட்டப் பயப்படத் தெரியல"ன்னாரு. "என்னங்க இது பேச்சு?" "உங்கப்பன் பொண்ணு குடுக்கறப்ப, மாப்பிள்ளை எதுக்கும் பயப்படாத ஆளுன்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அப்புடியே இருந்துட்டேன். அந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே தெரிஞ்சு போச்சு, அவகிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. அங்க உக்காந்து கையெல்லாம் நடுங்குச்சு, அவ பாக்காத மாதிரி செல்லை நோண்டிக்கிட்டிருந்தா." தொட்டிருந்தா திட்டலாம், தொட்டேன்னு சொல்லியிருந்தா கூட ஒரு பாடு அழுது ஓயலாம். சம்பளத்தை எங்கிட்டக் குடுத்திருக்காரு, ஒடம்பை எங்கிட்டக் குடுத்திருக்காரு, கோவத்தை எல்லாம் எங்கிட்டத்தான் எறக்கியிருக்காரு. பயத்தை மட்டும் அவகிட்டக் கொண்டு போயிக் குடுத்திருக்காரு. எனக்கு அந்தப் பயம் வேணும். அந்த நடுங்குன கை எனக்கு வேணும். அவ பாக்காத மாதிரி இருந்தாளாமே, அந்தப் பாக்காத மாதிரி இருக்கற வேலை என்ற வேலை. அவரு கையை எடுத்து என்ற மடியில வெச்சுக்கிட்டேன். நடுங்கல. பொறுத்துப் பாத்தேன், அப்பவும் நடுங்கல. பத்து நாப்பதுக்கு நர்சு வந்து, நெம்ப நல்லா அடக்கிட்டீங்களே அய்யான்னு சொல்லி வண்டியில தள்ளிக்கிட்டுப் போயிருச்சு.

வெளிய பெஞ்சுல உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல, கடியாரம் இந்தப் பக்கம் இல்லை. யாரோ ஒரு பாட்டி தேங்காப் பன்னு நீட்டுச்சு, வேண்டாம்னேன். அப்புறம் அதே நர்சு கதவைத் திறந்து, நாச்சிமுத்து வீட்டம்மா யாருங்கன்னு கூப்புட்டுச்சு. பையோட எந்திரிச்சேன். டாக்டர் ஸ்கிரீன்ல காட்டோணுங்கறாரு, சீலைக்கு மேல இதைப் போட்டுக்கிட்டு வாங்கன்னுச்சு. கவுனு, தொப்பி, வேற செருப்பு. உள்ள ஒரே குளுரு. இவருக்கு இடுப்புக்குக் கீழ மரத்திருக்குது, மேல முழிச்சிருக்காரு, நெஞ்சுக்குக் குறுக்க பச்சைத் துணியைத் திரையாக் கட்டியிருக்காங்க. அந்தப் பக்கம் நடக்கறது எதுவும் அவருக்குத் தெரியாது, டீவியும் அந்தப் பக்கந்தான். "இங்க பாருங்கம்மா, இது சாதா வெளிச்சம்"னாரு டாக்டர். இளஞ்செவப்பா ஒரு குகை, மெல்லிசா நரம்பு ஓடுது, ஓரத்துல ஒரு பிஞ்சுக் காலிஃபிளவர் மாதிரி ஒண்ணு தண்ணியில ஆடுது. இதுதான் எம் புருசனுக்குள்ள இருக்கற எடமா? அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன், இல்லை. "இப்ப மாத்தறேன்." பூராவும் நீலமாச்சு. அந்தப் பிஞ்சு ரோஸா எரியுது. அதுக்கு எதிர்ப்பக்கம், ஒண்ணுமே இல்லாம வழவழன்னு இருந்த எடத்துல, நகம் அகலத்துக்கு இன்னும் ரெண்டு திட்டு, அதுவும் ரோஸா எரியுது. "பாத்தீங்களாம்மா? இது ரெண்டும் தப்பிச்சுப் போயிருக்கும்." திரைக்கு அந்தப் பக்கமிருந்து கொரல் வந்துச்சு. "என்ன கலரு புள்ள?" மெதுவான கொரலு, கருப்புத் திரைக்குள்ள நான் கேட்ட அதே கொரலு. என்னைக் கேக்கறாரு. "ரோஸுங்க." "வெளிர் ரோஸா, அழுத்தமா?" நான் கண்ணை இடுக்கிக்கிட்டு உத்துப் பாத்தேன், வாழ்க்கையில எந்தத் துணியையும் அப்புடிப் பாத்ததில்லை. "அழுத்தமுங்க. பெருசு கொஞ்சம் ஆரஞ்சு கலந்தாப்புல இருக்குது, சின்னது ரெண்டும் சுத்த ரோஸு." "எச்சா எடத்துல இருக்குதா?" "மூணுங்க. மூணே மூணு." அவரு கை திரைக்கு இந்தப் பக்கம் தொங்குது, ஊசி குத்துன கை. இப்ப நடுங்குது, வெரலெல்லாம். நான் பாக்காத மாதிரி டீவியைப் பாத்தேன். எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, அந்த எடத்துல வரக் கூடாத சந்தோசம். இதை அவ பாக்கல. பொறந்ததுல இருந்து இதை யாரும் பாத்ததில்லை, நாந்தான் பாத்திருக்கேன். மூணையும் டாக்டர் சொரண்டி எடுத்ததைப் பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன். "மேலாப்புலதான் இருக்கற மாதிரி தெரியுதும்மா, டெஸ்டு ரிசல்ட்டு வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, அது பெரிய விசயம்"னாரு.

ஆரம்பத்துலயே வந்துட்டோமாம். வந்தது யாரால? பெஞ்சுல வந்து உக்காந்ததும் சந்தோசமெல்லாம் எறங்கிப் போச்சு. என்னால வந்திருந்தா சித்திரையிலயே வந்திருக்கலாம். அவளாலதான் இப்பவாவது வந்தோம். இதைக் கையில வெச்சுக்கிட்டு எப்புடி உக்காந்திருக்கறது? பையில இருந்து அவரு செல்லை எடுத்தேன். கோகிலவாணின்னு தேடுனா இல்லை. லேப்புன்னு போட்டு வெச்சிருக்காரு. பண்ணலாமா வேண்டாமான்னு வெரலு அது மேலயே நிக்குது. நான் ஏன் பண்ணோணும்? அவ யாரு எனக்கு? சொல்லாம உட்டா என்ன, தானாத் தெரிஞ்சுக்கட்டும், ஒரு நாளாவது எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாம இருக்கட்டும். அழுத்திட்டேன். முழுசா ஒரு ரிங்கு போகல, எடுத்துட்டா. "மாஸ்டர்?"ன்னா. அந்த ஒரு சொல்லுலயே எனக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. காத்தாலயிருந்து செல்லைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, இவளுக்கே தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரிஞ்சு போச்சு. "நான் துளசிமணி பேசறேன்." "அக்கா... சொல்லுங்க்கா." "மூணு எடத்துல இருந்துச்சு. மூணையும் எடுத்துட்டாங்க. ஆரம்பந்தான்னு சொல்றாரு." அவ பட்டுன்னு ஒடைஞ்சு அழுவறா, லேப்புல மிசினு ஓடற சத்தத்துக்கு நடுவுல, வாயைப் பொத்தப் பாத்து முடியாம, தேம்பித் தேம்பி அழுவறா. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. ஒரு மாசமா என்ற கண்ணுல ஒரு சொட்டு வரல. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தும் வரல, உள்ள அந்தக் கை நடுங்குனதைப் பாத்தும் வரல. இவளுக்கு வருது.

"நிறுத்து புள்ள"ன்னேன். "நானே இன்னும் அழுவல."

நிறுத்திட்டா. "சரிங்க்கா"ன்னா. செல்லை வெக்கல, ஒரு வார்த்தை பேசல, மூக்கை உறிஞ்சக்கூட இல்லை, அப்புடியே லைன்ல இருந்தா. அப்புறந்தான் எனக்கு வந்துச்சு.